காக்காப்பொன் மேல் ஒரு கொழுப்புப் படலம்

ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளுக்குத் திருமஞ்சனம் கிடையாது. மூலவர் சுதைத் திருமேனி. நீர் ஊற்றினால் தாங்காது. ஆனி மாதத்து ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி அவருக்குத் தைலக்காப்பு சாத்துகிறார்கள். உற்சவர் நம்பெருமாளுக்கோ காவிரியிலிருந்து வந்த தீர்த்தத்தால் திருமஞ்சனம் நடக்கிறது. அவர் உலோகத் திருமேனி. தைலம் சுதையில் ஊறும், உலோகத்தில் வழியும். மேலே எதைச் சாத்தலாம், சாத்தியது எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் அடியில் இருக்கும் பொருளைப் பொறுத்தது. கைங்கரியம் செய்கிறவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. செயற்கைச் சவ்வுகளை ஆராய்கிறவர்கள் 1980களுக்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இங்கே நான் சொல்லப்போவது அப்படியொரு சவ்வின் வாழ்க்கை வரலாறு. தைலக்காப்போடு ஒப்பிட்டால் அது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். இரண்டே மூலக்கூறு தடிமன். அளந்தால் 4 முதல் 5 நானோமீட்டர். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருப்பது இப்படிப்பட்ட ஒரு கொழுப்புச் சவ்வுதான். செல்லுக்குள் எது போகலாம், எது வெளியேறலாம் என்பதை அதுவும் அதில் பதிந்திருக்கும் புரதங்களும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. உயிருள்ள சவ்வில் ஆயிரம் சிக்கல் இருப்பதால், அதன் எளிய நகலை ஆய்வகத்தில் செய்து பார்க்கிறார்கள். அந்த நகலை எதன்மேலாவது வைத்தாக வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பிறந்த இடம் முட்டையின் மஞ்சள் கரு. 1840களில் பாரிஸ் நகரத்து மருந்தாளர் தியோடோர் கோப்லி மஞ்சள் கருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்த ஒரு கொழுப்பைப் பிரித்தெடுத்தார். 1850இல் அதற்கு லெசித்தின் என்று பெயர் வைத்தார். இன்று சாக்லேட், பிஸ்கட் உறைகளின் பின்பக்கத்தில் 322 என்ற எண்ணோடு வருவது அதுதான். அது பெரும்பாலும் சோயாவிலிருந்து வருகிறது. திருச்சிக்குப் பக்கத்தில் முட்டைக்குப் பேர்போன நாமக்கல் இருக்கும்போது நாம் சோயாவைத் தேட வேண்டியதில்லை. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் இந்த வகைக் கொழுப்பு 1 கிராமுக்குக் குறையாமல் இருக்கும்.

இந்த மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் இரண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்கு ஆகாது. நீருக்குள் கோடிக்கணக்கில் விழுந்தால் அவை தாமாகவே வாலோடு வால் சேர்ந்து, தலைகள் இருபுறமும் வெளியே பார்க்க, இரட்டை அடுக்காக நின்றுவிடும். யாரும் அடுக்க வேண்டாம். இப்படி நிற்கும் ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் ஏறக்குறைய 0.7 சதுர நானோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிராம் லெசித்தினை இரட்டை அடுக்காக விரித்தால் சுமார் 270 சதுர மீட்டர் வருகிறது. நம் ரியல் எஸ்டேட் அளவில் ஒரு கிரவுண்டுக்கும் மேல்.

அதன் முதல் தரை தண்ணீர். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, அது அரை ஏக்கர், அதாவது 50 சென்ட், பரவி நீரைக் கண்ணாடி போலச் சமப்படுத்தியதைப் பார்த்தார். அந்தக் குறிப்பு 1774இல் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தது. ஒரு தேக்கரண்டியை அரை ஏக்கரால் வகுத்தால் ஏறக்குறைய ஒரு மூலக்கூறின் நீளம் கிடைத்திருக்கும். பிராங்க்ளின் வகுக்கவில்லை. அவருக்கு அலை அடங்கியதுதான் அதிசயம்.

வகுத்துப் பார்க்கும் கருவியை உருவாக்கியவர் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊரைச் சேர்ந்த ஆக்னஸ் போக்கல்ஸ். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். வீட்டைக் கவனித்துக்கொண்டே, தகரத் தொட்டி ஒன்றில் நீரை நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, நீர்ப்பரப்பில் மிதக்கும் அழுக்குப் படலத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ஒரு சிறிய பொத்தானைத் தராசில் தொங்கவிட்டு, அதை நீரிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு எடை தேவை என்று அளந்தார். பத்தாண்டு உழைப்பை ஒரு கடிதமாக்கி ரேலி பிரபுவுக்கு அனுப்பினார். ரேலி அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ‘நேச்சர்’ இதழுக்குச் சிபாரிசு செய்ய, 1891 மார்ச் 12இல் அச்சேறியது. பின்னாளில் இர்விங் லாங்மியூர் அந்தத் தொட்டியைச் செம்மைப்படுத்தினார். 1932இல் நோபல் பரிசும் பெற்றார். தொட்டிக்கு இன்றைக்கும் லாங்மியூர் பெயர்தான். இது நியாயமில்லை என்பது என் கட்சி.

அதே வகைத் தொட்டியில்தான் 1925இல் நெதர்லாந்தின் லைடனில் கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துப் பரப்பினார்கள். அணுவின் மேற்பரப்பைவிடப் படலம் இரண்டு மடங்கு வந்தது. ஆகவே செல்லின் போர்வை இரண்டு அடுக்கு என்றார்கள். கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, விடை சரியாக வந்தது. அறிவியலில் இப்படியும் அதிர்ஷ்டம் உண்டு.

அந்த 1925இல்தான் நம் ஊர்க்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். சந்திரசேகர வேங்கட ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தார். அவர் குழந்தையாக இருக்கும்போதே அப்பாவின் வேலையை ஒட்டிக் குடும்பம் விசாகப்பட்டினம் போய்விட்டது. திருச்சிக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான் என்றாலும் ஸ்ரீரங்கம் தீவுக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நானும் விடப்போவதில்லை. 1925இல் கல்கத்தாவிலிருந்து ராமனும் அவருடைய மாணவர் எல். ஏ. ராம்தாஸும் திரவங்களின் மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பதைப் பற்றி ராயல் சொசைட்டி இதழில் கட்டுரைகள் எழுதினார்கள். அதன் சாரம்: எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் நீரின் முகம் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாமல் ஆடுவதால் பரப்பிலும் நுண்ணிய சுருக்கங்கள் எழுந்து எழுந்து அடங்கும். அவற்றின் உயரம் ஒரு நானோமீட்டரின் சிறு பகுதிதான். அந்த நடுக்கமே ஒளியைச் சிதறச் செய்கிறது. எவ்வளவு சிதறும் என்பது பரப்பு இழுவிசையைப் பொறுத்தது.

நீரில் மிதக்கும் படலம் இந்த நடுக்கத்தோடு சேர்ந்து ஆடும். நீருக்குள் தன்னந்தனியாக நிற்கும் சவ்வும் ஆடும். நுண்ணோக்கியில் சிவப்பணுவின் விளிம்பு படபடப்பதைப் பார்க்கலாம். அதே சவ்வை ஒரு கண்ணாடியில் ஒட்டிவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். ராமனும் ராம்தாஸும் சவ்வைப் பற்றி எழுதவில்லை. ஆனாலும் தரை அசைவதா அசையாததா என்பது அதன்மேல் கிடப்பதற்கு எவ்வளவு முக்கியம் என்பதை, இந்தத் துறை பிறப்பதற்கு முன்பே அவர்கள் அளந்து வைத்தார்கள் என்றுதான் நான் அந்தக் கட்டுரைகளைப் படிக்கிறேன்.

அடுத்து சவ்வு தரையே இல்லாமல் வாழப் பழகியது. 1962இல் பிலடெல்பியாவில் முல்லர், ரூடின், டியன், வெஸ்காட் நால்வரும் மாட்டு மூளைக் கொழுப்பை ஒரு சிறு துளையின் குறுக்கே தூரிகையால் பூசினார்கள். பூசியது மெலிந்துகொண்டே போய், முதலில் சோப்புக் குமிழி போல நிறம் காட்டி, கடைசியில் கறுத்தது. இரண்டு மூலக்கூறு தடிமனுக்கு மெலிந்ததும் முன்முகமும் பின்முகமும் திருப்பும் ஒளி ஒன்றையொன்று அழித்துவிடுவதால்தான் அந்தக் கறுப்பு. இருபுறமும் மின்முனை வைத்து ஓட்டத்தை அளக்க இது அருமையான ஏற்பாடு. தொட்டால் உடைந்துவிடும் என்பதுதான் குறை. 1964இல் இங்கிலாந்தின் பாபிரகாமில் அலெக் பாங்கமும் தோழர்களும் லெசித்தின் நீரில் தானே உருண்டு நுண்பைகளாவதை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். அதுதான் லிப்போசோம். இன்று புற்றுநோய் மருந்தைச் சுமந்து செல்கிறது.

துளைக்கும் பைக்கும் நடுவே ஒரு தேவை மிச்சமிருந்தது. நாள் கணக்கில் உடையாமல், தட்டையாக, நுண்ணோக்கிக்கு அடியில் அசையாமல் கிடக்கும் சவ்வு வேண்டும். அதற்குக் கண்ணாடி கிடைத்தது. 1984இல் ஸ்டான்போர்டில் பிரையன், மெக்கானல் இருவரும் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதற்காகக் கண்ணாடிமேல் சவ்வு விரித்தார்கள். 1985இல் டாமும் மெக்கானலும் அப்படி விரித்த சவ்வின் குணங்களை விரிவாக எழுதினார்கள். செய்முறை கேட்க எளிது. நுண்பைகள் மிதக்கும் கரைசலைச் சுத்தமான கண்ணாடிமேல் விட வேண்டும். பைகள் வந்து ஒட்டும், தட்டையாகும், வெடிக்கும். விளிம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே விரிப்பாகும். சுத்தமான என்ற சொல்லில்தான் சூட்சுமம் எல்லாம். விரல் ரேகையின் எண்ணெய் பட்ட இடத்தில் ஓட்டை விழும். நீருக்கு மேலே ஒரு முறை தூக்கினால் படலம் உரிந்துபோகும்.

கண்ணாடிமேல் அது ஒட்டிக்கொண்டா கிடக்கிறது? இல்லை. அதற்கும் கண்ணாடிக்கும் இடையே 1 முதல் 3 நானோமீட்டர் தடிமனில் நீர் இருக்கிறது. அதனால்தான் சவ்வு உயிரோட்டத்தோடு இருக்கிறது. இதை நிரூபிக்கும் சோதனை அழகானது. சவ்வில் ஒளிரும் சாயம் கலந்த மூலக்கூறுகளை விதைத்துவிட்டு, லேசரால் ஒரு வட்டத்தைச் சுட்டு அணைத்துவிடுவார்கள். சில நொடிகளில் அந்தக் கறுப்பு வட்டம் மறுபடி ஒளிரத் தொடங்கும். சுட்ட மூலக்கூறுகள் வெளியேறி, சுடாதவை உள்ளே ஊர்ந்து வந்திருக்கும். ஒளி திரும்பும் வேகத்திலிருந்து ஊரும் வேகம் கிடைக்கும். கண்ணாடிமேல் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் 3 மைக்ரோமீட்டர் தூரம் அலைகிறது. ஒரு பாக்டீரியாவின் நீளத்தைத் தாண்டிவிடும்.

அதே கொழுப்பால் தரை இல்லாத பெரிய பை செய்து, அதே வெப்பநிலையில், அதே முறையில் அளந்தால்? 2006இல் வந்த ஒரு கட்டுரை இதை நேருக்கு நேர் ஒப்பிட்டது. பையில் பரவல் இரண்டு மடங்குக்கும் மேல் விரைவாக இருந்தது. அடியில் இருக்கும் அந்த மெல்லிய நீர்ப்படலம் பிரேக் போடுகிறது என்று பொருள். இதற்குமுன் கண்ணாடி போன்ற தாங்கு தளத்தில் அளந்த எண்ணைச் சவ்வின் இயல்பு என்று எழுதிவைத்தவர்கள் உண்மையில் சவ்வும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு ஜோடியின் இயல்பைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வேகம் குறைவது சின்ன விஷயம். கொலஸ்ட்ரால் கலந்த சவ்வில் சில கொழுப்புகள் கூட்டம் சேர்ந்து தீவு தீவாகப் பிரியும். தனிப் பையில் இந்தத் தீவுகள் மிதந்து மோதி ஒன்றாகி, வட்ட வட்டமாகப் பெரிதாகும். தளத்தின்மேல் சின்னச் சின்னதாக, கண்ட உருவத்தில், இருந்த இடத்திலேயே நின்றுவிடும். தளம் மேடுபள்ளமாக இருந்தால் எந்தத் தீவு எங்கே நிற்க வேண்டும் என்பதை மேடுகள் சொல்லும். சவ்வைத் துளைத்து நிற்கும் பெரிய புரதங்களின் பாடு இன்னும் மோசம். அவற்றின் கீழ்ப்பாதி 1, 2 நானோமீட்டர் இடைவெளிக்குள் அடங்காது. கண்ணாடியில் உரசி மாட்டிக்கொள்ளும். நகராது; சில வேளை உருக்குலைந்தும் போகும்.

இனி காக்காப்பொன். மண்ணில் மின்னும் இந்தத் தகட்டைச் சிறுவயதில் பொறுக்காதவர்கள் குறைவு. நாட்டு மருந்துக்காரர்களுக்கு இதன் ஒரு வகை அப்பிரகம்; அதிலிருந்து செந்தூரம் செய்வார்கள். ஆய்வகத்தில் இதன் பெயர் மைக்கா. ஜார்க்கண்டின் கோடர்மாவும் ஆந்திரத்தின் கூடூரும் ஒரு காலத்தில் உலகத்துக்கே இதை வழங்கின. ஒட்டுநாடாவை வைத்து ஒரு ஏட்டை உரித்தால் அடியில் அணு மட்டத்துக்குச் சமமான புதிய தளம் கிடைக்கும். இயற்கையில் இவ்வளவு தட்டையான பொருள் மிகச் சில. கண்ணாடியின் கரடுமுரடு தொல்லை கொடுப்பதால், ஊசி முனையால் தடவித் தடவிப் படம் எடுக்கும் அணுவிசை நுண்ணோக்கிக்காரர்கள் மைக்காவுக்கு மாறினார்கள். கோடர்மா வட்டாரத்தின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் பிள்ளைகள் மைக்கா சில்லுகள் பொறுக்குவது வெகுநாளாகச் செய்தியில் வருகிறது. அந்தச் சில்லுகள் அழகுப்பொருளுக்கும் பெயின்ட்டுக்கும் போகின்றன. ஆய்வகத் தகடு வேறு தரம். ஆனாலும் தளத்தின் வரலாற்றை எழுதும்போது இதை விழுங்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தட்டையான தளம் கிடைத்தது. ஒழுக்கமான சவ்வு கிடைத்ததா? ஒவ்வொரு கொழுப்புக்கும் நெய் உறைவது போல ஓர் உறைநிலை உண்டு. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் டி.பி.பி.சி. என்ற கொழுப்புக்கு அது 41 டிகிரி. நீரில் மிதக்கும் பைகளில் இந்த வெப்பநிலையில் சவ்வு மொத்தமாக இளகும். மைக்காமேல் விரித்துச் சூடாக்கியபோது, தகுந்த நிலைமைகளில், இரண்டு தனித்தனி இளகல்கள் தெரிந்தன. மேல் அடுக்கு ஒரு வெப்பநிலையில், தளத்தைப் பார்த்த அடுக்கு இன்னும் கூடுதலான வெப்பநிலையில். ஒரே சவ்வின் இரண்டு பாதிகள், தரைக்கு அருகில் இருப்பதாலும் இல்லாததாலும், இரண்டு பொருள்கள் போல நடந்துகொண்டன. கரைசலில் உப்பைக் கூட்டினாலோ குறைத்தாலோ அந்தப் பிரிவும் மாறும். நீரில் மைக்காவுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு; இடையிலுள்ள அயனிகள்தான் தளத்தின் பிடியை மேல் அடுக்குக்குக் கடத்தவோ மறைக்கவோ செய்கின்றன.

தங்கம் இன்னொரு விதம். 1998இல் சுவீடனின் கோட்டன்பர்கில் கெல்லர், கசேமோ இருவரும் ஒரே நுண்பைக் கரைசலைச் சிலிக்காமேலும் ஆக்சிஜனேறிய தங்கத்தின்மேலும் விட்டார்கள். கருவி, துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம். அதன்மேல் எடை ஏற ஏறத் துடிப்பு குறையும். சிலிக்காவில் துடிப்பு முதலில் வெகுவாகக் குறைந்து, பிறகு பைகள் வெடித்து உள்ளிருந்த நீரை விட்டதும் ஓரளவு மேலேறி, 5 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் 26 ஹெர்ட்ஸ் குறைவில் வந்து நின்றது. முழுமையான விரிப்புக்கு இந்த 26 இன்று கைநாட்டு மாதிரி ஆகிவிட்டது. தங்கத்திலோ துடிப்பு குறைந்தது குறைந்ததுதான். பைகள் வந்து உட்கார்ந்தன, வெடிக்கவே இல்லை. கொழுப்பு ஒன்று, கரைசல் ஒன்று, தளம் மட்டும் வேறு. கிடைத்தது ஓரிடத்தில் கம்பளம், இன்னோரிடத்தில் பந்துக் குவியல்.

டைட்டானியம் ஆக்சைடும் சாதாரணமாகப் பைகளை உடைப்பதில்லை. கால்சியமும், பாஸ்பாடிடில்செரின் என்ற கொழுப்பும் சேர்ந்தால் உடைத்து விரிக்கும். அப்போதும் ஒரு குறும்பு செய்யும்: அந்தச் செரின் கொழுப்பைத் தன் பக்கத்து அடுக்குக்கு இழுத்துக்கொள்ளும். இது 2006இல் தெரியவந்தது. உடம்பில் இதே கொழுப்பு செல்லின் வெளிப்பக்கம் வந்தால், அந்தச் செல் சாகப்போகிறது என்று பொருள். ரத்தம் உறையும் வேலைக்கும் அது துணை. எலும்பிலும் பல்லிலும் பொருத்தும் உலோகம் டைட்டானியம் என்பதால், இந்தக் குறும்பை வேடிக்கையாக விட்டுவிட முடியாது.

தளத்தின் கொடுமையிலிருந்து சவ்வைக் காப்பாற்ற என்னென்னவோ செய்தார்கள். மியூனிக்கில் எரிக் சாக்மன் குழு பாலிமர் மெத்தை விரித்து அதன்மேல் படுக்க வைத்தது. புரதம் காலை நீட்ட இடம் கிடைத்தது. சிலர் தளத்திலிருந்து நீளமான மூலக்கூறுக் கயிறுகளை நட்டு, சவ்வைத் தூக்கி நிறுத்தினார்கள். 1997இல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் கார்னெல் குழு தங்கத்தில் இப்படிக் கட்டிய சவ்வை ஓர் உணர்கருவியாகவே ஆக்கிவிட்டது: தேடும் பொருள் வந்தால் அயனி வாசல் மூடும், மின்னோட்டம் குறையும். அதே ஆண்டு குரோவ்ஸ், உல்மன், பாக்ஸர் மூவரும் தளத்தில் வரப்பு கட்டிச் சவ்வைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். ஒரு பாத்தியின் மூலக்கூறு அடுத்ததற்குப் போகாது. 1999இல் நோய் எதிர்ப்பு டி செல், தன் எதிராளியைத் தொடும் இடத்தில் புரதங்களை வளையம் வளையமாக அடுக்குவதைக் கண்ணாடிமேல் விரித்த சவ்வில்தான் கண்டார்கள். தளம் இடைஞ்சல் என்று மட்டும் சொல்பவர்களுக்கு இது என் பதில்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மெர்சட் வளாகத்தில் ஆனந்த் பாலா சுப்ரமணியம் குழு 2016இல் சாதாரணக் காகிதத்தைத் தளமாக்கியது. காகிதத்தில் கொழுப்பைத் தடவி உலர்த்தி நீர் விட்டால், நார்களிலிருந்து பெரிய பெரிய பைகள் முளைக்கின்றன. விலை உயர்ந்த கருவி வேண்டாம்.

நம் பக்கம் வருவோம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அருணா தத்தாத்ரேயன் லாங்மியூர் படலங்களில் நீண்ட காலம் வேலை செய்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜெய்தீப் குமார் பாசு, கே. ஜி. அய்யப்பா ஆகியோரின் குழுக்கள் தாங்கு தளத்துச் சவ்வுகளில் மூலக்கூறுகள் ஊர்வதை, சாதாரண ஒளிநுண்ணோக்கி எட்டாத நுணுக்கத்தில், சோதனையாலும் கணினிக் கணக்காலும் பார்க்கின்றன.

ராமன் இன்னொரு முறையும் இந்தக் கதைக்குள் வருகிறார், இந்த முறை 1928இல் அறிவித்த தன் விளைவோடு. ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்தைப் பார்த்தால் மூலக்கூறுகள் எப்படி அதிர்கின்றன என்று தெரியும். கொழுப்பு வால்களின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் அலை எண் (செ.மீ.⁻¹) அளவில் 2850, 2880 என்ற இரண்டு இடங்களில் கோடு காட்டும். இரண்டின் உயரத்தை ஒப்பிட்டால் வால்கள் விறைத்து அடுக்காக நிற்கின்றனவா, இளகித் துவண்டிருக்கின்றனவா என்று சொல்லிவிடலாம். சாயம் எதுவும் கலக்க வேண்டாம். ஆனால் இரண்டு மூலக்கூறு தடிமனிலிருந்து வரும் ராமன் ஒளி மிக மிகக் குறைவு. இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, லேசரைத் தளத்தின் உள்ளிருந்து சாய்வாக அனுப்பி முழுதும் திருப்பிவிடுவது. அப்போது தளத்தை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டும் ஒளிபெறும். இப்படி ஒற்றைச் சவ்வின் ராமன் நிறமாலையை 2005இல் இங்கிலாந்தில் லீ, பெயின் இருவரும் பதிவு செய்தார்கள். மற்றது, கரடுமுரடான வெள்ளி அல்லது தங்கத்தின்மேல் வைப்பது. உலோகம் ஒளியைப் பல மடங்கு பெருக்கிக் கொடுக்கும்.

இரண்டாவது வழியில்தான் எனக்கு மனக்குறை. பெருக்கிக் காட்டும் அந்தக் கரட்டு உலோகமே சவ்வை வளைக்கவும் பிடித்து நிறுத்தவும் செய்யும். எந்தத் தளம் நமக்குச் சவ்வைத் தெளிவாகக் காட்டுகிறதோ அதுவே அதை அதிகம் மாற்றிவைக்கிறது. பளிச்சென்று வந்த படத்தை வைத்து இதுதான் சவ்வு என்று எழுதிய கட்டுரைகளைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

அப்படியானால் தரை இல்லாத பைதான் உண்மையான சவ்வா? அதையும் நான் ஒப்பமாட்டேன். உயிருள்ள செல்லின் சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலை இருக்கிறது. சவ்வு அங்கங்கே அதில் கட்டுண்டு கிடக்கிறது. செல்லின் சவ்வில் கொழுப்பு மூலக்கூறு ஊரும் வேகம் செயற்கைப் பையில் ஊரும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரைதான். அந்த வலை போடும் வேலிகளே காரணம் என்று ஜப்பானின் அகிஹிரோ குசுமி வாதாடியிருக்கிறார். இயற்கையே சவ்வைத் தரையில்லாமல் விடவில்லை. கண்ணாடி தவறான தரையாக இருக்கலாம். தரை இருப்பது தவறில்லை. மெத்தை, கயிறு, வரப்பு என்று சவ்வுக்காரர்கள் செய்துவரும் சீர்திருத்தங்களில் எனக்கு நம்பிக்கை இருப்பது இதனால்தான்: அவர்கள் தளத்தை ஒழிக்கப் பார்க்கவில்லை, செல்லுக்கு நெருக்கமான தளத்தைத் தேடுகிறார்கள்.

திருச்சியில் கல்லூரிக்குக் குறைவில்லை. லிப்போசோம் செய்து பார்க்கும் முதுகலை மாணவர்கள் இருக்கிறார்கள், இனியும் வருவார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வறிக்கையில் கொழுப்பின் பெயரையும் நிறுவனத்தையும் எழுதும் அதே வரியில் தளத்தையும் எழுதுங்கள்: கண்ணாடியா, மைக்காவா, தங்கமா, எதைக்கொண்டு கழுவினீர்கள், கரைசலில் உப்பும் கால்சியமும் எவ்வளவு, எத்தனை டிகிரியில் விரித்தீர்கள். இது இல்லாத ஓர் எண்ணை வேறு யாரும் தங்கள் எண்ணோடு ஒப்பிட முடியாது.